ஆறு லிட்டர் காளை

2024 ஆகஸ்ட் 6, செவ்வாய்க்கிழமை. ஆழ்வார்குறிச்சிக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் பால் சங்கத்தில், பதிவின்படி, ஒரு காளை காலையில் ஆறு லிட்டர் பால் கறந்தது.

கண்டுபிடித்தவள் மதுமதி. சங்கத்தின் பழைய பதிவுகளைக் கணினியில் ஏற்றிப் பிழையில்லாமல் ஒப்படைக்க வந்திருந்த திருநெல்வேலிப் பெண். மாடுகளுக்கு ஒரு டேபிள், அதாவது அட்டவணை; தினமும் ஊற்றும் பாலுக்கு ஒரு டேபிள். இரண்டையும் மாட்டின் காதில் மாட்டியிருக்கும் அடையாள வில்லையின் எண்ணை வைத்து இணைத்து, எங்கே ஒன்றுக்கொன்று முரண்படுகிறது என்று கேட்டு ஒரு க்வெரி எழுதினாள். ஒரே ஒரு வரி வந்து விழுந்தது. பால் டேபிளில் பசு. மாட்டு டேபிளில் காளை.

செயலாளர் சத்தியநேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். அப்போதும் காளைதான்.

"ஏம்மா, காளை எங்கயாவது பால் கறக்குமா?"

"நான் எங்க சார் சொல்லுதேன்? டேபிள் சொல்லுது."

"ஒன் டேபிள் யாரச் சொல்லுதுன்னு பாத்தியா? தலைவரு மாடும்மா அது."

சங்கத் தலைவர் இசக்கிமுருகன் வெள்ளிக்கிழமைத் தேர்தலில் மறுபடியும் நிற்கிறார். சொந்தப் பசு வைத்துப் பால் ஊற்றுகிறவர்தான் நிற்கலாம் என்பது விதி. மாவட்ட அலுவலகத்துக்கு மாலைக்குள் அறிக்கை போகவேண்டும்; அதற்குள் அந்த வரி சரியாகாவிட்டால் வேட்பாளர் பட்டியலில் அவர் பெயர் இருக்காது.

"க்வெரி தப்பாப் பாக்காது சார். வேணும்னா மாட்டக் கொண்டாரச் சொல்லுங்க" என்றாள் மதுமதி.

"மாடு வரும். நீதான் ஊருக்கு பஸ் ஏறணும்" என்று முனகிக்கொண்டே சத்தியநேசன் போனை எடுத்தார்.

இசக்கிமுருகன் வந்தார். கையில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் ஒரு செவலைப் பசு, அதற்குப் பின்னால் பால் ஊற்ற வந்த கூட்டம். வாசலோடு நிற்கவில்லை, பசுவைக் கணினி மேசை வரைக்கும் நடத்திக்கொண்டு வந்துவிட்டார்.

"கம்ப்யூட்டர் பிள்ள, இங்கன குனிஞ்சு பாரு. இது காளையா?"

மதுமதி குனிந்து பார்த்தாள். மடி கனத்துத் தொங்கியது.

"நல்லாப் பாரும்மா, கொம்பப் பாத்து ஏமாந்துராத" என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"காதுல வில்லையக் காணுமே, தலைவரே" என்றார் சத்தியநேசன்.

"முள்ளுக்கம்பில மாட்டி அந்துட்டு. தொலஞ்சிரக் கூடாதுன்னு நாந்தான் வச்சிருக்கேன்." சட்டைப்பையிலிருந்து மஞ்சள் வில்லையை எடுத்து மேசைமேல் வைத்தார். மதுமதி எண்ணை ஒப்பிட்டாள். ஓர் இலக்கம்கூட மாறவில்லை.

"கறந்தும் காட்டிருதேன், ஒரு சொம்பு குடுங்க."

அவர் குத்தவைத்து மடியில் கைவைத்ததும் பசு உதைத்தது. சொம்பு உருண்டு பீரோவுக்கு அடியில் போயிற்று.

"ஆபீசுன்னா மாட்டுக்கும் பயந்தாம்வே" என்று வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். எல்லாரும் சிரித்தார்கள். பசு மட்டும் வாசலைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தது.

மதுமதிக்குக் காது சுட்டது. ஒரு பெரிய மனிதரைத் தன் மாட்டின் மடியை ஊருக்கே காட்டி நிற்கும்படி செய்துவிட்டோமே என்றிருந்தது.

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி. பதியும்போது யாரோ தப்பா அடிச்சிருக்காங்க."

"பரவால்ல பிள்ள. மிஷினுக்கு மாடு தெரியுமா?"

அவள் 'காளை'யை அழித்துப் 'பசு' என்று அடித்தாள். க்வெரியை மறுபடி ஓட்டினாள். முரண்பட்ட வரிகள்: பூஜ்யம். சத்தியநேசன் அவசரமாக அறிக்கையை மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பினார். தலைவருக்கு யாரோ டீ வாங்கி வந்தார்கள்.

அவர் முதல் வாய் குடிப்பதற்குள், தலைவரின் பக்கத்து வீட்டுப் பாக்கியவதி மூச்சு வாங்க உள்ளே வந்தாள். சேலையெல்லாம் சாணி. பசு கத்துவதை நிறுத்திவிட்டு அவள் தோளில் முகத்தைத் தேய்த்தது. தலைவரின் கையிலிருந்த கயிற்றை அவள் பிடுங்கிக்கொண்டாள்.

"பாலக் கேட்டிய, தெனமும் தந்தேன். இன்னைக்கு மாட்டக் கேட்டிய, அதையும் தந்தேன். ஒங்க காளைய மட்டும் இனிமே என் தொழுவத்துல கட்டாதிய, அண்ணாச்சி."