பிஸ்கட் விற்காத அக்கா

“நெஜமாவா? பெரியம்மா ஒரு பாக்கெட்கூட விக்கலையா?”

“நாங்க சாரணியரா இருந்த காலத்தில ஒண்ணே ஒண்ணுகூட இல்லடி! கொடுத்த பெட்டியை அப்படியே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்த மகராசி உங்க பெரியம்மா.”

மகளின் சாரணியர் சீருடைக்குக் கழுத்துத் துணியை முடிந்துவிட்டபடியே அம்மா சொன்னாள். முகாம் செலவுக்காகப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய் பிஸ்கட் விற்க வேண்டும். மகளுக்கு இதுதான் முதல் தடவை.

சோபாவில் உட்கார்ந்திருந்த பெரியம்மா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

“எனக்குச் சாமர்த்தியம் பத்தல. விடேன்” என்றாள்.

“சாமர்த்தியமா? சோம்பேறித்தனம்னு சொல்லு! தெருமுனை வந்ததுமே, ‘நீ மெதுவா வா, நான் முன்னாடி போறேன்’னு ஓடிடுவா. சாயங்காலம் பார்த்தா பெட்டி பிரிக்காம அப்படியே இருக்கும். எங்கம்மா கிழி கிழின்னு கிழிப்பாங்க. இவ வாயே திறக்க மாட்டா.”

“நீ எப்படிம்மா வித்தே? உனக்குத்தான் அப்போ பேச்சே வராதுன்னு சொல்லுவியே?”

அதற்குத்தான் அம்மாவுக்கே இன்றுவரை விடை தெரியவில்லை. இன்றைக்கு அவள் வானொலியில் செய்தி வாசிப்பவள். ஒரு சொல் பிசகாது. அன்றைக்கோ வாயைத் திறந்தால் திக்கல். ஒரு வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் உயிர் போய் உயிர் வரும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பழிப்புக் காட்டுவார்கள். கடைக்குப் போனால் கடைக்காரர் பொறுமையில்லாமல் பாதிச் சொல்லைப் பிடுங்கித் தானே முடித்துவிடுவார். பாவம், வகுப்பில் கை தூக்குவதையே விட்டுவிட்டாள்.

“ஆனா நாங்க பிஸ்கட் விக்கப் போன அந்த ஒரு தெரு மட்டும் என்ன அதிசயமோ தெரியலடி! ஒருத்தர் சிரிக்கல. ஒருத்தர் கதவைச் சாத்தல. நான் திக்கித் திணறி முடிக்கிற வரைக்கும் அப்படியே நின்னு கேட்டாங்க. நாலு வீடு தாண்டினதும் எனக்கே தைரியம் வந்துடுச்சு. அந்தத் தெரு மட்டும் இல்லேன்னா நான் மைக் முன்னாடி உட்கார்ந்திருக்கவே மாட்டேன்.”

“அப்போ அதே தெருவுக்குப் போலாம்மா! பெரியம்மாவும் வரட்டும்.”

“அவளைக் கூட்டிட்டுப் போனா விளங்கின மாதிரிதான்!”

பெரியம்மா சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினாள்.

அம்மாவும் மகளும் மட்டும் போனார்கள். முதல் வீட்டில் மகள் வாயெடுப்பதற்கு முன்பே, “ஒண்ணும் வேணாம், போ!” என்று கதவைச் சாத்திவிட்டார்கள். அடுத்த வீட்டில் நாய்தான் பதில் சொன்னது. அதற்கடுத்த வீட்டுக்காரர் ஃபோனில் பேசிக்கொண்டே கையை ஆட்டி விரட்டினார்.

அம்மாவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அந்தத் தெருவா இது? ஜனங்கள் இப்படியா மாறிப்போவார்கள்?

அடுத்த கதவைத் திறந்தவர் அந்த நாளிலிருந்தே அங்கே இருக்கும் தையல்காரம்மா. தலை வெளுத்திருந்தாலும் கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். அடையாளம் தெரிந்ததும் வாயெல்லாம் பல்.

“அடடே! நீயா? ரேடியோவில உன் குரல் கேட்டுக்கிட்டேதான் துணி தைக்கிறேன்!”

மகள் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். தையல்காரம்மா முழுசாகக் கேட்டுவிட்டுப் பிஸ்கட் வாங்கிக்கொண்டார்.

“உன் பொண்ணு மடை திறந்த மாதிரி பேசுறாளே! இவளுக்காக யாரும் முன்கூட்டி வந்து சொல்லி வைக்க வேண்டியதே இல்ல.”

“சொல்லி வைக்கிறதா? யார்கிட்ட? என்னன்னு?”

“அடி, உனக்குத் தெரியவே தெரியாதா?” தையல்காரம்மா மோவாயில் கை வைத்துக்கொண்டார்.

“உன் அக்காதான்! கையில பெட்டி இருக்கும், வாங்கிக்கோங்கன்னு ஒரு வார்த்தை கேட்காது. ‘பின்னாடி என் தங்கச்சி வர்றா. அவகிட்ட வாங்காட்டியும் பரவாயில்லங்க. சிரிச்சுடாதீங்க, சொல்லை எடுத்துக் கொடுத்துடாதீங்க, அவளே சொல்லி முடிக்கட்டும்’னு ஒவ்வொரு வாசல்லயும் நின்னு கெஞ்சிட்டுப் போகும்!”