கழற்றிப் போட்ட சாரி கார்டு

மத்தியான வெயில் பட்டறைத் தகரத்தைக் காய்ச்சுகிறது. நாளை ரேசுக்கு எடை குறைய வேண்டுமென்று மெக்கானிக் இசக்கிராஜா பைக்கிலிருந்து கழற்றிய முகப்பு விளக்கும் கண்ணாடியும் பின்சீட்டும் கரிசல் புழுதியில் கிடக்கின்றன. தீப்பெட்டி ஆபீசிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் வந்த வள்ளிமயில் குனிந்து சாரி கார்டை எடுக்கிறாள். முந்தானை சக்கரத்தில் சிக்காமலிருக்க, கல்யாணமான வாரம் அவள் புருஷன் மணிராஜ் மாட்டிய கம்பித் தடுப்பு அது.

"நாளைலேருந்து ஆபீசுக்கு நான் எதுல போவேன்?"

"நடந்து போடி. ரேசு வண்டில ஒனக்கு எதுக்கு எடம்? வெயிட்டு கொறையணும்லா," என்கிறான் மணிராஜ், டயரை விட்டுத் தலை நிமிராமல். அவள் மூக்கு விடைக்கிறது. இஞ்சினைக் கிளப்ப மெட்ராசிலிருந்து வரவழைத்த புது ஸ்பார்க் பிளக், ஒன்றே ஒன்று, துணியில் மினுங்குகிறது. தீப்பெட்டி மருந்துக் கறை படிந்த அவள் விரல்கள் அதை எடுத்து முந்தானையில் இறுக்கி முடிகின்றன. இசக்கிராஜாவின் ஸ்பேனர் நிற்கிறது.

"இதையும் கழட்டிட்டேன். இன்னுங் கொஞ்சம் வெயிட்டு கொறைஞ்சிருக்கும், ஓட்டுங்க."