நில் என்று சொல்லும் நெற்றி

மச்சானின் முதுகுக்குப் பின்னால், நாலே எட்டில், லிப்ட் குழி வாயைப் பிளந்துகொண்டிருந்தது. லிப்ட் இன்னும் வரவில்லை. மூன்று மாடிப் பள்ளம் மட்டும் வந்திருந்தது.

அவன் நெற்றியைச் சுருக்கினான்.

சுருங்கவில்லை.

கதவளவுக் கண்ணாடி, ஆளுக்கொரு முனை. பெண்டாட்டியின் அண்ணன் பின்பக்கமாக நடப்பார். அவன் வழி பார்த்துச் சொல்வான். பதினெட்டு வருஷமாக இப்படித்தான். சுவரைத் துளைக்கிற மிஷின் சத்தத்தில் வாய்ப்பேச்சு எடுபடாது. பேச்செல்லாம் நெற்றியில்தான். புருவம் ஏறினால் தூக்கு. நெற்றி சுருங்கினால் நில்.

பத்து நாளைக்கு முன்பு, தீராத ஒற்றைத் தலைவலிக்கு நெற்றியிலும் பிடரியிலுமாக முப்பத்தொரு ஊசி. வசதியானவர்கள் முகச்சுருக்கம் போகப் போட்டுக்கொள்ளும் அதே மருந்துதான் என்றார் டாக்டர். மூன்று மாசத்துக்கு நெற்றி அசையாது என்றார். வலி போனால் போதும், நெற்றியை அசைத்து என்ன ஆகப்போகிறது என்று தலையாட்டிவிட்டு வந்தான். அதற்குப் பிறகு கண்ணாடி தூக்குவது இன்றுதான்.

மச்சானிடம் மூச்சு விடவில்லை. விட்டால், மாப்பிள்ளைக்கு இந்த வயதில் அழகு கேட்கிறது என்று ஊரெல்லாம் சிரிக்க வைத்துவிடுவார்.

மூன்று எட்டு.

மச்சான் அவன் முகத்தையே நம்பிப் பின்னால் போய்க்கொண்டிருந்தார். அவர் நெற்றியும் இன்று தெளிந்து கிடந்தது. வீட்டுச் சண்டை ஓய்ந்துவிட்டது போல.

சட்டென்று நின்றுவிடலாமென்றால், கண்ணாடி அவன் கையிலிருந்து உருவிக்கொண்டு அவரையும் தள்ளிக்கொண்டு போகும். கத்திப் பார்த்தான். தொண்டை கிழிந்ததுதான் மிச்சம்.

இரண்டு எட்டு.

நாக்கை நீட்டினான். மூத்த மச்சானுக்கு, முகத்துக்கு நேராக, அடிநாக்குத் தெரிய.

மச்சான் நின்றார். கோபம் கண்ணில் மட்டும் எரிந்தது.

கண்ணாடியை இறக்கிச் சுவரில் சாய்க்கவும் மிஷின் ஓயவும் சரியாக இருந்தது.

"யாருக்கு மாப்ள நாக்கக் காட்டுற? தங்கச்சியக் குடுத்தவன்யா நான்!"

அவன் அவர் முதுகுப் பக்கம் கையை மட்டும் காட்டினான். மச்சான் திரும்பிப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவன் தலைவலி, ஊசி, டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தான்.

"மன்னிச்சிருங்க மச்சான். மூணு மாசத்துக்கு நான் பின்னால நடக்குறேன். நீங்க வழி பார்த்து நெத்தியில சொல்லுங்க."

மச்சானுக்கு உதடு கோணியது, கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"அது ஆகாது மாப்ள," என்றார்.

அவ்வளவு அழுகையிலும் அவர் நெற்றியில் ஒரு கோடுகூட விழவில்லை.