கருணை அத்தியாயம்

"எனக்கு இன்னும் புரியலை" என்றார் ஆடிட்டர்.

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

ஞாயிறு காலையில், பல் டாக்டரின் கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கும் அறை வகுப்பறையாகிவிடும். படிப்பது குருநாதரின் நூல். லேசுப்பட்ட நூல் அல்ல. ஒரு வாக்கியம் முடிவதற்குள் அது எங்கே ஆரம்பித்தது என்பதே மறந்துபோகும். அதனால் குருநாதரே ஒரு விதி வைத்துவிட்டுப் போயிருந்தார். புரியாமல் பக்கம் புரட்டக் கூடாது. ஒருவருக்குப் புரியாவிட்டாலும் எல்லோரும் அங்கேயே நிற்க வேண்டும். அப்படித்தான் கருணை அத்தியாயத்தில் பல வாரமாக நின்றுகொண்டிருந்தார்கள்.

வகுப்பை நடத்துவது டாக்டர். நூலைக் கரைத்துக் குடித்தவர் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

"கருணைன்னா அடுத்தவங்க வலியைத் தன் வலியா நினைக்கிறது. இதுல என்ன சார் புரியலை?" பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார் டாக்டர்.

"அதுதான் டாக்டர் பிடிபடலை."

"வருமான வரிச் சட்டமே உங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். இது புரியலையாக்கும்!" என்றார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். "உங்களால நாங்க எல்லாரும் ஒரே வகுப்புல ஃபெயிலாகி உக்காந்திருக்கோம்."

எல்லோரும் சிரித்தார்கள். "மரமண்டை" என்று இன்ஜினியர் முணுமுணுத்தது ஆடிட்டர் காதிலும் விழுந்தது.

சிரிக்காதவள் கிளினிக் நர்ஸ் ஒருத்திதான். சமீபத்தில் மகளைப் பறிகொடுத்தவள். ஆறுதலாக இருக்கட்டும் என்று டாக்டர்தான் அழைத்து வந்து சேர்த்திருந்தார்.

"பாவம், விடுங்க. மெதுவாப் புரியட்டும்" என்றாள்.

டாக்டர் ஆடிட்டரை வெளியே மாடிப்படிக்கு அழைத்துப் போனார்.

"தப்பா நினைக்காதீங்க. எல்லாரும் பேசி முடிவு பண்ணிட்டோம். இனிமே நீங்க வகுப்புக்கு வர வேண்டாம்."

"நான் போயிட்டா இன்னிக்கே அடுத்த அத்தியாயம் ஆரம்பிச்சிடுவீங்களா?"

"பின்னே?"

"அந்த நர்ஸம்மாவை வெச்சுக்கிட்டா?"

"ஏன், அவங்களுக்கு என்ன?"

ஆடிட்டர் அவரை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"பிள்ளை அல்பாயுசுல போறது தாய் போன ஜென்மத்துல செஞ்ச பாவத்துக்குத் தண்டனைன்னுதானே டாக்டர் அடுத்த அத்தியாயம் ஆரம்பிக்குது? நீங்க கரைச்சுக் குடிச்சவர். தெரிஞ்சேதான் அவசரப்படறீங்கன்னு நினைச்சேன். சொல்லிப் பிரயோஜனமில்லைன்னுதான், திட்டு வாங்கினாலும் பரவாயில்லைன்னு புரியலை புரியலைன்னே ஓட்டிக்கிட்டிருந்தேன்."

டாக்டருக்கு வெட்கமாக இருந்தது. கருணை அத்தியாயத்தைத் தாண்டி அவர் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை.

ஆடிட்டரின் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தார்.

"அடுத்த அத்தியாயத்தை நான் வாசிக்கட்டுமா டாக்டர்?" நர்ஸ் பக்கத்தைப் புரட்டப் போனாள்.

டாக்டர் அவசரமாக அந்தப் பக்கத்தின் மேல் கையை வைத்தார்.

"வேண்டாம்மா. இந்த அத்தியாயம் எனக்கே இன்னும் புரியலை."