எழுந்திருக்க விடாத டேப்

"ஒக்காந்தா எழுந்துக்கவே மனசு வரக்கூடாது. அந்த மாதிரி ஒரு டேப் குடு பாய்" என்றார் விவசாயி ஏகாம்பரம்.

உத்திரமேரூரில் செல்போன் கடை வைத்திருக்கும் வஹாப், பெரிய திரை உள்ள டேப்லெட் ஒன்றை எடுத்து வைத்தார்.

"இதுல படம், பாட்டு, யூடியூப் எல்லாம் சூப்பரா ஓடும். யாருக்குண்ணே, பேரனுக்கா?"

"பங்காளி வெங்கடேசனுக்கு. பொங்கலுக்குக் குடுக்கணும்."

"ஏரித் தண்ணிக்கு அவரோடதானே தெனம் சண்ட?"

"அதான் பாய்! இத்தப் பாத்துக்கினு அவன் வூட்லயே கெடந்தா, என் முறை வரும்போது தண்ணியத் திருப்பிக்க எவன் வரப்போறான்?"

வஹாப் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வண்ணத்தாள் சுற்றிய பெட்டி ஒன்றை மேசைக்கு அடியிலிருந்து எடுத்து நீட்டினார்.

"இது உங்களுக்குண்ணே. 'ஒக்காந்தா எழுந்துக்கவே கூடாது'ன்னு கேட்டு, காலைலதான் வெங்கடேசன் வாங்கி, பொங்கலுக்கு உங்ககிட்ட குடுக்கச் சொல்லி வச்சிட்டுப் போனாரு."