வாங்கின அன்னைக்கு இருந்த மாதிரி

“எதையும் எடுத்து வைக்க வேண்டாம் தம்பி. ஒண்ணு விடாம அழிச்சிடுங்க. வாங்கின அன்னைக்கு எப்படி இருந்ததோ, அப்படியே ஆக்கிடுங்க.”

அந்த அம்மாள் மேசை மேல் வைத்த லேப்டாப், கீல் தளர்ந்து வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

“யாருதும்மா இது?” என்றார் ரிப்பேர் கடைக்காரர்.

“வீட்டுக்காரரோடது. போன மாசம் தவறிட்டார். பேத்தி படிக்கக் கேக்குறா. ஆனா ஆமை மாதிரி நகருது. சாயங்காலம் என் மகன் வந்து வாங்கிப்பான்.”

“போட்டோ கீட்டோ ஏதாவது...”

“ஒண்ணும் வேண்டாம்னு சொல்றேன்ல!”

வெடுக்கென்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள்.

கடைக்காரருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆள் போய் ஒரு மாசம்தான் ஆகிறது. அதற்குள் துடைத்துக் கழுவிவிட வேண்டுமாம்!

அவர் எரிவதற்குக் காரணம் உண்டு. அவருடைய அப்பா இறந்தபோது, இவர் வெளியூரிலிருந்து வந்து சேர்வதற்குள் அண்ணி, அப்பாவின் டிரங்குப் பெட்டியைப் பழைய சாமான்காரனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அன்றைக்கு அண்ணன் வீட்டுப் படி இறங்கியவர், இன்று வரை ஏறவில்லை. யாராவது அண்ணி பேச்சை எடுத்தால் இப்போதும் சாப்பாடு உள்ளே இறங்காது. அதிலிருந்துதான் இந்த வழக்கம். யார் எதை அழிக்கச் சொன்னாலும், ரகசியமாக ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டுதான் அழிப்பார். தெருவில் அவருக்குப் பெயரே ‘பேக்கப் அண்ணன்’.

லேப்டாப் கண் விழிப்பதற்குள் ஒரு டீ குடித்து முடித்துவிட்டார். விழித்ததும் திரையின் நட்டநடுவில் ஒரு ஃபோல்டர். ‘மகனுக்கு’ என்று அதற்குப் பெயர். உள்ளே வரிசையாகக் குரல் பதிவுகள்.

“அடிப்பாவி!”

அடுத்தவர் வீட்டுப் பேச்சை ஒட்டுக் கேட்கிற புத்தி அவருக்குக் கிடையாது. எதையும் திறக்காமல் அப்படியே பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, லேப்டாப்பைத் துடைத்தார்.

“உனக்கு எதுக்குண்ணே ஊர் வம்பு? சொன்னதைச் செஞ்சிட்டுப் போயேன்” என்றார் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர்.

“வம்பா? தகப்பன் தன் பிள்ளைக்குன்னு பேசி வெச்சிருக்கான். அதை அழிக்க இவ யாரு? கட்டினவளா இருந்தா எல்லாத்துக்கும் உரிமை வந்துடுமா? அந்தப் பையன் வரட்டும். இவ வண்டவாளத்தை வெளிச்சம் போட்டுக் காட்டலேன்னா என்னன்னு கேளு!”

சாயங்காலம் மகன் ஹெல்மெட்டும் கையுமாக வந்தான்.

“அண்ணே, அம்மா ஒரு லேப்டாப் குடுத்திருந்தாங்களாமே.”

“உக்காருங்க தம்பி. மனசு கேக்கலை, அதான் சொல்றேன். உங்கம்மா பண்ணினது கொஞ்சங்கூட நல்லா இல்லை.”

காலையிலிருந்து அடக்கி வைத்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தார்.

மகனின் முகம் மாறியது.

“எனக்குன்னா? எங்கப்பாவா? என் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டதுலேருந்து அவர் என் முகத்துலயே முழிக்கலைங்க. ஆனா, கண்ணை மூடுறப்போ என் பேரைத்தான் சொல்லிக்கிட்டே இருந்தாராம். அம்மா சொன்னாங்க. நான் ஓடிப் போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு.”

“பாத்தீங்களா! அந்த மனுஷன் மனசுல இருந்தது பூரா இதுலதான் இருக்கு. இதைப் போயி...”

பென் டிரைவைத் தன் கம்ப்யூட்டரில் செருகி, கடைசியாகப் பேசிய பதிவைத் தட்டிவிட்டு, வெற்றி பெற்றவர் மாதிரி நாற்காலியில் சாய்ந்தார்.

முதலில் இருமல். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு கிழட்டுக் குரல்.

“டேய்... நான் செத்தா நீ என் வாசப்படி மிதிக்கக் கூடாது. உன் பார்வைகூட என் மேல படக் கூடாது. உங்கம்மா உன் பேரைச் சொல்லி அழுறப்பல்லாம் சொல்லிட்டேன், எனக்குப் பிள்ளையே பொறக்கலை...”

எந்தப் பட்டனை அமுக்குவது என்று தெரியாமல் பதறி, கடைக்காரர் ஸ்பீக்கர் ஒயரையே பிடுங்கி எறிந்தார்.

மகன் பென் டிரைவைச் சுட்டிக் காட்டினான்.

“அதையும் அழிச்சிடுங்கண்ணே.”

“தம்பி, நான் நல்லதுன்னு நெனச்சு...”

“அழிச்சிடுங்க.”

கடைக்காரர் அழித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக நகல் எடுக்காமல் ஒன்றை அழிக்கிறார். அண்ணி தூக்கிக் கொடுத்த அந்த டிரங்குப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று, இத்தனை காலத்தில் அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை.

மகனின் போன் அடித்தது. அந்த அம்மாளின் குரல் மேசைக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது.

“வாங்கிட்டியாப்பா? எல்லாத்தையும் அழிச்சிட்டாராமா?”

மகன் தொண்டையைச் செருமிக்கொண்டான். புறங்கையால் கண்ணைத் துடைத்தான். பிறகு கோபக்காரன் மாதிரி குரலை உயர்த்தினான்.

“ஆமாம்மா, சுத்தமா துடைச்சு வெச்சிருக்காரு! அப்பா குரலாவது கிடைக்கும்னு ஆசையா வந்தேன். அதான் இவரைப் பிடிச்சுத் திட்டிக்கிட்டு இருக்கேன்.”

கடைக்காரர் தலை குனிந்துகொண்டார்.

“சரி விடும்மா, பரவாயில்லை. கடைசியில என் பேரைச் சொன்னாருன்னு நீ சொன்னியே... எனக்கு அது போதும்.”