மலைக்குக் கீழே ஒரு மூடி

ஜனவரிக் காலை. மொன்றியலின் நடுவே நிற்கும் மலையில், பஸ் இறக்கிவிட்ட இடத்துக் கற்சுவரைப் பிடித்தபடி தவமலர் நிற்கிறாள். மூன்று நாட்களாக மூச்சை அடைத்த முட்டு இங்கே அவளை இழுக்கவில்லை. மருந்துக் குழல் கோட்டுப் பைக்குள் சும்மா கிடக்கிறது. மேலே கண் கூசுகின்ற நீல வானம். கீழே நகரம் இருந்த இடத்தில், அவளும் கணவரும் குடியிருக்கும் செயின்ட்-மிஷேல் பகுதியையும் விழுங்கிக்கொண்டு ஒரு பழுப்புப் படலம். மலையடியில் மட்டும் சில புகைபோக்கிகள் தெரிகின்றன. அவற்றின் புகை நேராக எழுந்து, கண்ணுக்குத் தெரியாத எதிலோ தலை இடித்ததுபோல் ஒரே உயரத்தில் படுத்துப் பரவுகிறது. “புகாரோ?” என்கிறாள், பனிமூட்டம் என்று எண்ணி. “இல்லையப்பா, விறகடுப்புப் புகை. குளிர்காத்து கீழை படுத்துக் கிடக்கு. அதுக்கு மேலை சூட்டுக்காத்து, பானைக்கு மூடி போட்ட மாதிரி. பலமாக் காத்தடிச்சாத்தான் திறக்கும்” என்கிறார் கணவர் குகநேசன், குரலைத் தாழ்த்தி, கோயிலில் கதைப்பதுபோல.

“அப்ப நாங்கள் பானைக்குள்ளையோ கிடந்தனாங்கள்?” அவள் சிரிக்கிறாள். சிரித்தும் இருமல் வரவில்லை. அந்த அதிசயத்தில் சற்று நின்றுவிட்டு, மெல்லத் திரும்புகிறாள். “நான் செத்தல் மிளகாய் பொரிச்ச புகைதான் முட்டுக்குக் காரணமெண்டு, யன்னலெல்லாம் திறந்து இந்தப் புகையை உள்ளை விட்டது ஆர்?”

இருவரின் மூச்சும் வெள்ளையாக எழுந்து, எதிலும் இடிபடாமல் நீலத்தில் கரைகிறது. கீழே போகும் பஸ் வந்து கதவைத் திறக்கிறது. குகநேசன் அவள் முகத்தைப் பார்க்கிறார். ஓட்டுநரிடம் “மெர்சி” என்று நன்றி சொல்லி, கையசைத்து அனுப்பிவிடுகிறார். பஸ் வளைந்து இறங்கி, கூரை வரை பழுப்பில் மூழ்குகிறது.

“பேந்து போவம், அடுத்த பஸ்ஸிலை” என்கிறார்.